பிர்னெக் மலைச்சுற்று

பிர்னெக் மலைக்குடில்,
11 ஜூன் 1978

அன்புள்ள தம்பி மைன்ராட்டுக்கு,

மாடுகளும் நானும் சுகமாக மேலே வந்து சேர்ந்தோம். உன் இருமல் எப்படி இருக்கிறது? பாசல் நகரத்துக் காற்றைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் இங்கிருந்து கொஞ்சம் காற்றை அடைத்து அனுப்பத் தோன்றியது. சீஸைத்தான் அனுப்ப முடிகிறது.

அப்பா இந்த முறை கீழே கிராமத்திலேயே இருக்கிறார். முழங்கால் சரியில்லை. பால்ஸ் சித்தப்பா வீட்டில் ஆக்னெஸ் சித்தி பார்த்துக்கொள்கிறார். நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

கணவாயில் பனி உருகிவிட்டது. நடக்க வருகிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். காலையில் தேவாலயத்திலிருந்து புறப்பட்டுக் காட்டு வழியாக ஏறி, நண்பகலில் என் வாசலில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கணவாயைத் தாண்டி, ஏரியைச் சுற்றி, கழுகுப்பாறை ஓரமாக இறங்கி, மாலைக்குள் அதே தேவாலயத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். “பொறப்பட்ட எடத்துக்கே திரும்பிப் போறதுக்கு இவ்வளவு வேர்வையா?” என்கிறார் மாடுகளோடு மேலே வந்திருக்கும் பால்ஸ் சித்தப்பா. நான் சிரித்து வைக்கிறேன். அவர்கள் காசு கொடுத்துத் தின்னும் மக்ரோனியில்தான் இந்தக் குடிலின் கூரை நிற்கிறது.

இந்தக் கடிதத்தைச் சிவப்புக் காலுறை போட்ட ஓர் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சுற்றை முடித்துக் கீழே இறங்கியதும் தபால் பெட்டியில் போடுவார்.

கடவுள் உன்னையும் உன் நுரையீரலையும் காக்கட்டும்.

அக்கா அகதா


பாசல்,
25 ஜூன் 1978

அன்புள்ள அக்கா,

சிவப்புக் காலுறை அம்மா நேர்மையானவர். கடிதமும் சீஸும் வந்தன. இருமல் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஒன்று போனால் மற்றதும் போய்விடும் என்பதால் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் முழங்காலுக்கு என்ன மருந்து?

இந்த வாரம் அச்சகத்தில் ஒரு சுற்றுலாப் பிரசுரம் ஓடியது. அட்டையில் ஒரு பால்காரி. வெள்ளை ரவிக்கை, சரிகைக் கச்சு, கையில் பளபளக்கும் வாளி. அவள் நகத்தில் ஒரு துளி சாணம் கிடையாது. உன் கைகளை நினைத்துக்கொண்டேன். இயந்திரத்தை நிறுத்தினால் சம்பளத்தை வெட்டுவார்கள், அதனால் ஆயிரக்கணக்கில் அவளை அடித்துத் தள்ளினேன்.

என்னோடு வேலை செய்யும் எர்வினை அங்கே அனுப்பிவைக்கிறேன். நல்லவன், வாய்தான் நீளம். சுற்றை நடந்துவிட்டு அந்தி வரை இருந்து அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். பால் வடிக்கும் மரப்புனலை வாயில் வைத்துக்கொண்டு, மேட்டில் நின்று, புனிதர்களின் பெயரைச் சொல்லி மாடுகளையும் ஆட்களையும் ஒப்படைப்பார், குரல் எட்டும் தூரம் வரை ஒரு வளையம் விழும், விடியும்வரை அதற்குள் எதற்கும் தீங்கு வராது என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள் என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அப்பா கீழே என்றால் இப்போது கூப்பிடுவது யார்? பால்ஸ் சித்தப்பாவா?

எர்வினுக்கு ஒரு தட்டு மக்ரோனி கூடுதலாக வை. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மைன்ராட்


பிர்னெக்,
9 ஜூலை 1978

அன்புள்ள தம்பி,

எல்லோரும் சுகம். உன் நண்பர் வந்தார். ஆப்பிள் மசியலோடு இரண்டு தட்டு காலி செய்தார். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமே என்று சீக்கிரமே கிளப்பி அனுப்பிவிட்டேன். மழை நிற்கவில்லை. பால் கொப்பரை அடுப்பில் இருக்கிறது, அதனால் நீளமாக எழுத முடியவில்லை. கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொள்.

அகதா


பாசல்,
16 ஜூலை 1978

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன்.

எர்வின் கடைசிப் பேருந்தைப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை அச்சகத்தில் எல்லோர் முன்னாலும் அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“யோவ் மைன்ராட், உங்கப்பா கொரல்னு சொன்னியே, அது பொம்பளக் கொரல்யா. ஏரிக்கரையில பூட்ஸைக் கழட்டிட்டு உக்காந்திருந்தேன். கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து வந்துச்சு. எனக்குக் கடவுள் கிடவுள்னு ஒண்ணும் கெடையாது, உனக்கே தெரியும். ஆனா எந்திரிச்சு நின்னுட்டேன். வெறுங்கால்ல. மேஞ்சிட்டிருந்த மாடெல்லாம் ஒரே பக்கமாத் தலையத் தூக்குச்சு. யாருய்யா அது?”

அச்சகத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எர்வின் எதையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

பிர்னெக் மேட்டில் எந்தக் காலத்திலும் ஒரு பெண் கூப்பிட்டதில்லை. ஆகவே கேட்கிறேன். அப்பாவுக்கு என்ன? முழங்கால் என்று இன்னொரு முறை எழுதாதே.

மைன்ராட்


பாசல்,
6 ஆகஸ்ட் 1978

அக்கா,

உன் உடம்பு எப்படி என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்டால் பதில் வருவதில்லை.

மூன்று வாரம் பார்த்துவிட்டு ஊர் விடுதிக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண்ணுக்கு நான் யாரென்றே தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஏப்ரலிலேயே அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. இது ஒன்று. ஜூலையில் பால்ஸ் சித்தப்பாவின் கிடாரி கழுகுப்பாறையிலிருந்து விழுந்து செத்தது. இது இரண்டு. “பொம்பள கூப்பிட்டா வளையம் எப்படி விழும்? ஓட்டை விழுந்துச்சு, மாடு போச்சு” என்று விடுதியில் பீர் குடிக்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இதை ஓர் அந்நியப் பெண்ணிடமிருந்து நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

மைன்ராட்


பிர்னெக்,
15 ஆகஸ்ட் 1978

அன்புள்ள தம்பி,

மாதா திருநாள் வாழ்த்துகள். நான் சுகம். அப்பா இருக்கிறபடி இருக்கிறார். ஆக்னெஸ் சித்தி வேளாவேளைக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டுகிறார், துணி மாற்றுகிறார், முகம் சுளிப்பதில்லை.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் நீதான். சொன்னால் வேலையை விட்டுவிட்டு மறு ரயிலில் வந்து நிற்பாய். ஒரு வாரம் ஊரையே திட்டுவாய். பிறகு அச்சகத்தில் உன் இடத்தில் வேறொருவன் இருப்பான். அதை நான் பார்க்க விரும்பவில்லை.

மேலே வந்த முதல் நாள் பால் கறந்து முடித்தேன். அந்தியாயிற்று. மாடுகள் மேட்டைப் பார்த்தபடி நின்றன. பால்ஸ் சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது, வழக்கம்போல. புனல் ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு ஏறினேன். வாயில் வைத்ததும் பழைய பாலின் வாடை அடித்தது. எனக்குப் பயமாக இருந்தது, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. கேட்பதற்காகத்தானே கூப்பிடுவது? முதல் நாள் அந்தோணியாரை விட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு தடவை சொல்லி ஈடுகட்டினேன். இப்போது தப்பில்லாமல் வருகிறது. ஒரு நாளும் விட்டதில்லை.

கிடாரி விழுந்ததும் உண்மை, ஆட்கள் பேசுவதும் உண்மை. அக்டோபர் முதல் ஞாயிறு மேய்ச்சல் சங்கக் கூட்டம். அப்பாவின் குடில், மேய்ச்சல் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். நம் வீட்டுக்கு வேண்டாம், வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் இதுதான் என் கடைசிக் கோடை.

உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை.

அகதா


பாசல்,
28 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் கட்டை போல இருக்கின்றன. நகரம் என்னை எவ்வளவு கெடுத்துவிட்டது என்பதை உன் மலை சனிக்கிழமை காட்டிவிட்டது.

சொல்லாமல் வந்ததற்கு நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ வாசல் நிறைந்த கூட்டத்துக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்து, “மக்ரோனியா, உருளைக்கிழங்கு ரோஷ்டியா?” என்றாய். “அக்கா, நான்தான்” என்றேன். “தெரியுது. ஆறு வருஷம் கழிச்சு வந்தாலும் பசிக்கும்ல. தின்னுட்டு உள்ள போயி தட்டக் கழுவு.” இதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. கழுவினேன்.

ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கையில் ஐந்து தட்டு. கொப்பரையில் தயிர் திரண்டுவிட்டதா என்று ஓடிப் போய்க் கையை விட்டுப் பார்க்கிறாய், திரும்பி வந்து ஒரு குழந்தையின் குதிகால் கொப்புளத்துக்குத் துணி கட்டுகிறாய், அதற்குள் கன்று அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது. எங்கள் அச்சகத்தில் இவ்வளவு வேலைக்கு நான்கு பேரும் ஒரு மேலாளரும் இருப்பார்கள். மேலாளர் மட்டும் களைத்துப்போயிருப்பார்.

அந்த ஜூரிச்சுக்காரர் ஞாபகம் இருக்கிறதா, கேமராக்காரர்? “ஏம்மா, பிரசுரத்துல இருக்கற மாதிரி டிரஸ் போட்டுக்க மாட்டீங்களா? ஒரு படம் எடுத்துக்கறேன்” என்றார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அந்தப் பொண்ணுகிட்டயே மோர் வாங்கிக் குடிங்க சார். அவ வாளி காலியாத்தான் இருக்கும்.” பெஞ்சு முழுவதும் சிரித்தது. அவளை அச்சடித்தவன் உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். மதியத்துக்குப் பிறகு மற்றவர்களோடு நானும் கணவாய் ஏறிப் போனேன் அல்லவா? நேரே இறங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. ஏரியில் கால் நனைத்துவிட்டுக் கழுகுப்பாறைக்குப் போய், கிடாரி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். உன் குரல் அங்கே வருகிறதா என்று கேட்க வேண்டும். வராது என்று உள்ளுக்குள் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவே ஒரு மலை முதுகு இருக்கிறது.

அந்தியில் வந்தது அக்கா. அப்பாவின் குரல் வந்து இடிக்கும். உன்னுடையது இடிக்கவில்லை. பாறைகளைத் தொட்டுத் தொட்டு நடந்து வருவது போல வந்தது. ஒவ்வொரு பெயரும் தெளிவாகக் கேட்டது. அந்தோணியார் ஒரு தடவைதான் வந்தார். கடைசியில் நீ மாடுகளையும், பாதையில் இருப்பவர்களையும் என்று சேர்த்தாய். அப்பா அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அந்த நேரத்தில் பாதையில் இருந்தது நான் ஒருவன்தான். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

ஆகவே வளையத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை வேலியில் இருக்கிறது. அங்கே நான்கு கம்பங்கள் அடியோடு உளுத்துச் சாய்ந்து கிடக்கின்றன. உதைத்தால் தூள் பறக்கிறது. கம்பி புல்லில் கிடக்கிறது. கம்பத் தலையில் சுட்ட குறி யாருடையது என்று உனக்குத் தெரியும். அந்தத் துண்டு வேலியைப் பழுதுபார்ப்பது பால்ஸ் சித்தப்பாவின் பங்கு. இந்த வசந்தத்தில் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. தன் மாட்டைத் தானே தள்ளிவிட்டுப் பழியை உன் தொண்டையில் போடுகிறார்.

கூட்டத்துக்கு வருகிறேன். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

இரவு அப்பா பக்கத்தில் படுத்தேன். அந்தியானால் ஜன்னலைத் திறக்கச் சொல்லி இடது கையால் காட்டுகிறார் என்றார் சித்தி. “அங்கேருந்து இங்க கேக்காதுன்னு அவருக்கும் தெரியும். இருந்தாலும் தெறந்து வெக்கறேன்.”

உடம்பைப் பார்த்துக்கொள்.

மைன்ராட்


பிர்னெக்,
10 செப்டம்பர் 1978

அன்புள்ள தம்பி,

சுகம். உன் கால் வலி போயிருக்கும். அடுத்த வாரம் மாடுகளை இறக்குகிறோம். ஒரு மாடு செத்த கோடை என்பதால் இந்த ஆண்டு மாடுகளுக்குப் பூமுடி கிடையாது. வெறும் தலையோடுதான் ஊருக்குள் நடக்கும்.

கம்பங்களைப் பற்றிக் கூட்டத்தில் பேசாதே.

நீ வந்து பார்த்துச் சொன்னாய். நான் கிடாரி விழுந்த அன்று காலையே பார்த்தேன். அவரும் பார்த்தார். அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. நீ பேசிவிட்டு ரயில் ஏறிவிடுவாய். எனக்கும் அவருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. அப்பாவுக்கு நாளைக் காலையும் கஞ்சி ஊட்டப் போவது அவர் மனைவி.

குடில் போனால் போகட்டும். அப்பா வாயருகே இருக்கும் அந்த ஸ்பூன் போகக் கூடாது.

அகதா


பாசல்,
17 செப்டம்பர் 1978

அன்புள்ள அக்கா,

இருமல் குறைந்திருக்கிறது. சந்தோஷமா?

பெண்களுக்கும் ஓட்டுரிமை வந்த இந்த ஏழு வருஷமாக நீ நாட்டின் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம். உன் மேய்ச்சல் மலையில் எத்தனை மாடு மேயலாம் என்பதற்குக் கை தூக்க முடியாது. கூட்டம் நடக்கும் மண்டபத்தில் கால் வைக்க முடியாது. ஆறு வருஷமாக ஒரு மடியைக்கூடத் தொடாத நான் உள்ளே போகலாம், எனக்கு அங்கே நாற்காலி இருக்கிறது. இந்த அயோக்கியத்தனத்துக்குள் போய் உட்கார்ந்து, கையில் இருக்கும் ஒரே உண்மையையும் விழுங்கச் சொல்கிறாய்.

வருவேன். வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மைன்ராட்


பாசல்,
3 அக்டோபர் 1978

அன்புள்ள அக்கா,

நலம். பேருந்தைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தில் உன்னிடம் இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. மண்டபத்துக்கு வெளியே நீரூற்றின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். உள்ளே நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

உன் பெயரிலேயே உரிமையைக் கொடுங்கள் என்று முதலில் கேட்டேன். தலைவர் அதைக் கைதூக்கலுக்கு விட்டார். என் கையோடு இன்னும் ஐந்து கைகள் எழுந்தன. மற்றவை மேஜை மேல் பீர் குவளையைப் பிடித்திருந்தன. தோற்றது. சரி, மகன் பெயரில் என்றார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது.

“உரிமைக்காரன் அந்தியில கூப்பிடணும். நீ பாசல்லேருந்து கூப்பிடுவியா?” என்றார் தலைவர். சிரிப்பு.

“எங்க வீட்டு ஆள் கூப்பிடும்.”

“எந்த ஆம்பள?”

“ஆம்பளைன்னு நான் சொல்லலையே.”

மறுபடி சிரிப்பு. “அந்தக் கொரல் எதுவரைக்கும்டா எட்டும்? அடுப்படி வரைக்குமா?” என்றான் ஒருவன்.

“கழுகுப்பாறையில உக்காந்து கேட்டேன். ஒரு பேரு விடாமக் கேட்டுச்சு” என்றேன். எதிர்ச் சரிவில் வைக்கோல் கொட்டகை வைத்திருக்கும் கிழவர் கிளமென்ஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார். “எனக்கும் கேக்குது. அவங்கப்பன் கூப்பிட்டப்ப நான் பாட்டுக்கு வைக்கோல் அள்ளிட்டிருப்பேன். இந்தப் புள்ள கூப்பிட்டா நிறுத்திடறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அப்போது தலைவர் பால்ஸ் சித்தப்பா பக்கம் திரும்பி, “மாட்ட எழந்தவன் நீ. நீ சொல்லு” என்றார்.

அவர் எழுந்தார். தொப்பியைக் கையில் உருட்டினார். என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பார்வையிலேயே. நான்கு கம்பங்களும் என் நாக்கில் நின்றன அக்கா. ஒரு வாக்கியம்தான், மண்டபம் தலைகீழாகியிருக்கும். எனக்கு அது எவ்வளவு இனித்திருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஆக்னெஸ் சித்தியின் ஸ்பூன் நினைவுக்கு வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் தொப்பியை மேஜை மேல் வைத்தார். பிறகு, “மழைதான். வழுக்கிருச்சு. கூப்பிட்டதுல ஒரு கொறையும் இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். பதிவேட்டில் உரிமைக்காரன் மைன்ராட், வேலையாள் அகதா என்று எழுதினார்கள். கையெழுத்துப் போடும்போது பேனாவை உடைக்கத் தோன்றியது. உடைக்கவில்லை, ஏனென்றால் உனக்குக் குடில் வேண்டும். ஆனால் இதை மறக்க மாட்டேன். அடுத்த ஆண்டும் கேட்பேன், அதற்கடுத்த ஆண்டும். அந்த ஆறு கைகளும் கூடாமலா போகும்?

அப்பாவிடம் சொல்.

மைன்ராட்


கிராமத்து வீடு,
15 அக்டோபர் 1978

அன்புள்ள தம்பி,

எல்லோரும் சுகம். முதல் பனி மேலே குடிலின் கூரையில் படிந்துவிட்டது. உன் இருமலுக்குக் கொஞ்சம் பைன் தேன் அனுப்பியிருக்கிறேன், சுடுநீரில் கலந்து குடி.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். வேலையாள் என்ற இடம் வந்ததும் இடது கையால் மேஜையில் ஓங்கி அடித்தார். கிளமென்ஸ் பேசிய இடத்தை மட்டும் மூன்றாவது முறையும் படிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு ஜன்னலைக் காட்டினார். குளிரும் என்று சொன்னேன், கேட்கவில்லை. அந்தி நேரம். புனலை எடுத்து வந்து தோட்டத்தில் நின்று அவருக்காகக் கூப்பிட்டேன். முடித்துவிட்டு உள்ளே வந்தால் ஆக்னெஸ் சித்தி அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேற்று விடிந்து பார்த்தால் நம் கொட்டகைச் சுவரோரம் லார்ச் மரக் கம்பங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பட்டை சீவி, அடி முனையைக் கரியாகச் சுட்டு, அடுத்த வசந்தத்துக்குத் தயாராக. தலையில் பால்ஸ் சித்தப்பாவின் குறி. நான் ஒரு முழு சீஸை அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

நீ கையெழுத்துப் போட்ட விதிகளைப் படித்திருக்க மாட்டாய். உரிமைக்காரன் ஆண்டுதோறும் பொதுவேலைக்கு நேரில் வர வேண்டும். பதிலுக்கு வேலையாளை அனுப்ப முடியாது. ஆகவே ஜூன் தொடக்கத்தில் வந்துவிடு. ஏரியிலிருந்து கழுகுப்பாறை வரைக்கும் பாதையில் விழுந்த கல்லைப் பொறுக்குவது உன் பங்கு. கம்பம் தூக்க பால்ஸ் சித்தப்பாவுக்கு ஓர் ஆள் வேண்டும், அதுவும் நீதான். நல்ல பூட்ஸ் வாங்கு, போன தடவை போட்டு வந்தது நகரத்துக் குப்பை. மதியம் குடிலுக்கு வா. மக்ரோனி தருகிறேன், தட்டை நீயே கழுவு.

அந்தியில் நீ எங்கே வேலை செய்துகொண்டிருந்தாலும் நிமிர வேண்டாம். நான் கூப்பிடுவது உனக்குக் கேட்கும்.

உன் வேலையாள்,
அகதா